120 பிக்சலில் ஒரு விளையாட்டு: ஸ்டீம் கேப்ஸ்யூல் படம் உருவாக்குவது எப்படி

கணினி விளையாட்டுகள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒருவர் எதையாவது தேடினால், முடிவுப் பட்டியலில் உங்கள் விளையாட்டுக்குக் கிடைக்கும் இடம் 120 பிக்சல் அகலம், 45 பிக்சல் உயரம். மேலும் கீழும் அதே அளவில் இன்னும் பல விளையாட்டுகள் வரிசை கட்டி நிற்கும். உருட்டிக்கொண்டே போகிறவர் எதிலும் ஒரு நொடிகூட நிற்பதில்லை. மூன்று வருட உழைப்பானாலும் அந்தச் சின்னப் படம்தான் முதலில் வாய் திறக்க வேண்டும்.

ஸ்டீம் இந்தப் படத்தை ‘கேப்ஸ்யூல்’ என்கிறது. தனியாகவோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ விளையாட்டு செய்கிறவர்கள் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவது வழக்கம். அப்படித் தள்ளினால் இரண்டில் ஒன்று நடக்கும். விளையாட்டிலிருந்தே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே பெயரைத் தட்டி ஏற்றிவிடுவார்கள். இல்லையென்றால் நல்ல ஓவியரைப் பிடித்து ஒரு பிரம்மாண்டமான போஸ்டர் வரைய வைத்து, அதையே எல்லா அளவுக்கும் வெட்டி ஏற்றுவார்கள். முதலாவது பணம் இல்லாததால் வரும் தவறு, இரண்டாவது பணம் செலவழித்தும் வரும் தவறு. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்: படத்தை அது உண்மையில் தெரியப்போகும் அளவில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

முதலில் அளவுகள்

2024 ஆகஸ்டில் ஸ்டீம் தன் கேப்ஸ்யூல் அளவுகளை இரட்டிப்பாக்கியது. இப்போது கேட்கப்படுபவை இவை. ஹெடர் கேப்ஸ்யூல் 920×430. கடைப் பக்கத்தின் உச்சியிலும் பல பரிந்துரை வரிசைகளிலும் வருவது. ஸ்மால் கேப்ஸ்யூல் 462×174. தேடல் முடிவுகளிலும் பட்டியல்களிலும் வருவது, இதிலிருந்துதான் 120×45 வரை ஸ்டீமே சுருக்கிக்கொள்கிறது. மெயின் கேப்ஸ்யூல் 1232×706. முகப்பில் பெரிதாக ஓடும் வரிசைக்கு. வெர்டிக்கல் கேப்ஸ்யூல் 748×896. பண்டிகைக்கால விற்பனைப் பக்கங்களுக்கு. இவை கடைக்கு. வாங்கியவரின் லைப்ரரிக்கு 600×900 அளவில் ஒரு நெடும்படம், 920×430 அளவில் ஒரு ஹெடர், 3840×1240 அளவில் ‘ஹீரோ’ எனும் அகலப் பின்னணி, அதன்மேல் உட்கார ஒளிபுகும் பின்னணியுள்ள பிஎன்ஜி லோகோ ஒன்று.

பிக்சல் எண்ணிக்கையை விட அகல-உயர விகிதத்தைக் கவனியுங்கள். ஸ்மால் கேப்ஸ்யூலில் அகலம் உயரத்தைப்போல் சுமார் 2.65 மடங்கு. ஹெடரில் 2.14. மெயினில் 1.75. வெர்டிக்கலில் உயரமே அதிகம். ஒற்றை ஓவியத்தை இந்த நான்கு சட்டங்களுக்கும் வெட்டினால் எங்காவது ஒரு தலை போகும், எங்காவது ஒரு கால் போகும், லோகோ முகத்தின்மேல் ஏறும். ஆகவே இது ஒரு படத்தின் நான்கு அளவு கிடையாது. ஒரே பொருட்களை வைத்துத் திரும்பக் கட்டும் நான்கு தனிப்படங்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பின்னால் வரும் வேலையில் பாதி தானாக ஒழுங்காகிவிடும்.

வரையும் முன்

பேசுவதற்கு வசதியாக ஒரு கற்பனை விளையாட்டை வைத்துக்கொள்வோம். பெயர் ‘கலங்கரை’. விளையாடுபவர் ஒரு கலங்கரை விளக்கத்தின் காவலாளி. இரவில் விளக்கின் ஒளிக்கற்றையைத் திருப்பிக் கப்பல்களைப் பாறையில் மோதாமல் கரைசேர்க்க வேண்டும். அமைதியான புதிர் விளையாட்டு, நடுநடுவே கொஞ்சம் திகில்.

இதை வரையச் சொன்னால் யாருக்கும் முதலில் தோன்றுவது: கரும் கடல், நட்சத்திரம் நிறைந்த வானம், ஓரத்தில் ஒரு சின்னக் கோபுரம், மூலையில் பெயர். பெரிய திரையில் மனதை அள்ளும். 120 பிக்சலில் ஒரு நீலக் கட்டம்.

அதனால் தூரிகையை எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு ஒரு வரியில் பதில் எழுதிக்கொள்ள வேண்டும். இது எந்த வகை விளையாட்டு? விளையாடுபவர் இதில் திரும்பத் திரும்பச் செய்வது என்ன? இதே வகையில் உள்ள மற்றவற்றிடம் இல்லாத எது இதில் இருக்கிறது? ‘கலங்கரை’க்குப் பதில்: புதிர், ஒளியைத் திருப்புவது, ஒளியே ஆயுதமும் வழிகாட்டியுமாக இருப்பது. ஆக, படத்தின் நாயகன் கோபுரமும் இல்லை, கடலும் இல்லை. அந்த ஒளிக்கற்றை.

அடுத்து அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் விளையாட்டுக்கு நீங்கள் போடப்போகும் முக்கியமான டேக்கில் (வகையைச் சொல்லும் குறிச்சொல்லில்) நன்றாக விற்கும் 20 விளையாட்டுகளின் கேப்ஸ்யூல்களை இறக்கி, ஸ்மால் கேப்ஸ்யூலில் சரிபாதியான 231×87 அளவுக்குச் சுருக்கி, ஒரே தாளில் நான்கு வரிசையாக ஒட்டுங்கள். நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். உங்கள் படம் அங்கேதான் உட்காரப்போகிறது. தாளைப் பார்த்தாலே அந்த வகையின் பழக்கவழக்கம் தெரியும்: வீட்டு விவசாய விளையாட்டுகள் பச்சையும் மஞ்சளுமாக, உருண்டை எழுத்தோடு இருக்கும், திகில் என்றால் கறுப்பும் சிவப்பும், கீறல் விழுந்த எழுத்து. அந்தப் பழக்கத்தை முழுக்க மீறினால் அந்த வகையை விரும்புகிறவர் உங்களை அடையாளம் காணமாட்டார். முழுக்கப் பின்பற்றினால் கூட்டத்தில் காணாமல் போவீர்கள். வகையைச் சொல்லும் அம்சங்களை வைத்துக்கொண்டு, நிறத்திலோ வடிவத்திலோ ஒன்றை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் சரியாக வரும். 20 படமும் நீலமாக இருந்தால் ஒரு பெரிய மஞ்சள் முக்கோணம் போதும். ‘கலங்கரை’க்கு அது கையிலேயே இருக்கிறது.

தவறான வகையைக் காட்டி ஆளை உள்ளே இழுப்பது லாபம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதிரடி விளையாட்டு என்று நம்பி வந்தவர் புதிரைப் பார்த்ததும் அதைத்தான் செய்வார், போகும்போது ஒரு எதிர்மறை விமர்சனத்தையும் வைத்துவிட்டுப் போவார்.

சிறியதில் தொடங்குவது

231×87 பிக்சலில் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, பெரிதாக்கிப் பார்க்காமல் அப்படியே வரையுங்கள். க்ரீட்டா, ஜிம்ப், ஃபோட்டோஷாப் எதுவானாலும் சரி. கறுப்பு, நடுச் சாம்பல், வெள்ளை என மூன்றே சாயல். குறைந்தது ஆறு ஓவியம். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். விவரம் சேர்க்க இடமே இல்லாததால் கை தானாகப் பெரிய வடிவங்களுக்குப் போகும். அதுதான் வேண்டும்.

நல்ல ஓவியம் எது என்று தெரிந்துகொள்ள: கண்ணை இடுக்கிப் பார்த்தால் இரண்டு, அதிகம் போனால் மூன்று திட்டுகள் மட்டும் மிஞ்ச வேண்டும். ‘கலங்கரை’யில் கறுத்த கோபுரம் ஒன்று, அதிலிருந்து விரியும் வெள்ளைக் கற்றை ஒன்று, கற்றைக்குள் கறுப்பாக ஒரு கப்பல். நான்காவதாக நிலா வந்தால் கற்றையோடு போட்டி போடும், எடுத்துவிடலாம். ஐந்தாவதாக அலைகள், ஆறாவதாகப் பாறை என்று சேர்ந்தால் திட்டுகள் கலந்து சாம்பல் குழம்பாகிவிடும்.

ஆள் உருவம் இருக்கிற விளையாட்டு என்றால் முழு உடலை நிற்க வைக்காதீர்கள். 45 பிக்சல் உயரத்தில் முழு மனிதனின் தலை ஐந்தாறு பிக்சல்தான். இடுப்புக்கு மேல், முடிந்தால் நெஞ்சுக்கு மேல் வெட்டினால் முகத்துக்கு இடம் கிடைக்கும். ஒரே ஆள் போதும். நான்கு பேர் கொண்ட குழுவை அணிவகுக்க வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த நால்வரையும் மெயின் கேப்ஸ்யூலுக்கு வைத்துக்கொள்ளலாம். 2017-இல் வந்த ஹாலோ நைட் விளையாட்டின் நாயகனை நினைத்துப் பாருங்கள்: இரண்டு கொம்பு, வெள்ளை முகமூடி, இரண்டு கறுப்புக் கண்குழி. எவ்வளவு சுருக்கினாலும் அது அதுவாகவே இருக்கும். உங்கள் பாத்திரத்துக்கு அப்படி ஓர் உருவம் இல்லையென்றால் கேப்ஸ்யூலில் அந்தப் பாத்திரத்தை வைத்தே ஆக வேண்டுமா என்று யோசிக்கலாம். ஒரு பொருள், ஒரு கை, ஒரு விலங்கு இன்னும் நன்றாக வேலை செய்யக்கூடும்.

நிறத்துக்கு வரும்போது ஸ்டீமின் சொந்த நிறத்தை மறக்கக் கூடாது. அதன் பக்கப் பின்னணி கருநீலம். சிவப்பு 27, பச்சை 40, நீலம் 56 என்ற மதிப்புக்கு அருகில். உங்கள் படத்தின் ஓரங்களும் அதே கருநீலமாக இருந்தால் படம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இரவுக் காட்சி வைக்கிறவர்கள் அத்தனை பேரும் விழும் குழி இது. ‘கலங்கரை’யின் இரவை நீலத்துக்குப் பதில் கரும்பச்சையாகவோ ஊதா கலந்த செம்மையாகவோ மாற்றலாம், அல்லது ஒளிக்கற்றை சட்டத்தின் ஓரத்தை வெட்டிக்கொண்டு வெளியே போகும்படி வைக்கலாம். பளிச்சென்ற இடம் ஓரத்தைத் தொட்டாலே சட்டம் தெரிந்துவிடும். சோதித்துப் பார்க்கும்போது உங்கள் கோப்பின் பின்னணியில் அந்த மூன்று எண்களைப் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும்.

பிக்சல் ஓவிய விளையாட்டுகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று. விளையாட்டில் உள்ள அதே 32×32 பொம்மையைப் பெரிதாக்கி வைத்தால், நீங்கள் ஏற்றும் அளவில் கூர்மையாக இருக்கும். ஸ்டீம் சுருக்கும்போது முழு எண் விகிதத்தில் சுருங்காததால் பிக்சல் ஓரங்கள் எல்லாம் மங்கும். கேப்ஸ்யூலை மட்டும் வழக்கமான ஓவியமாக வரைவது பலர் எடுக்கும் வழி, குற்றமும் இல்லை. ஆனால் கடைப் பக்கத்தின் முதல் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் திடுக்கிடாத அளவுக்கு நிறமும் உருவ அளவும் ஒத்துப்போக வேண்டும். பிக்சல் தோற்றமே உங்கள் விற்பனைப் புள்ளி என்றால், பொம்மையைப் பெரிதாக்காமல் கேப்ஸ்யூலுக்கென்றே பெரிய, தடித்த பிக்சல்களில் புதிதாக வரையுங்கள்.

பெயர்தான் படம்

சிறு விளையாட்டுகளின் கேப்ஸ்யூல் தோற்கிற இடம் பெரும்பாலும் ஓவியம் கிடையாது, லோகோ. ஸ்மால் கேப்ஸ்யூலில் லோகோ கிட்டத்தட்ட முழுச் சட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று ஸ்டீமின் வழிகாட்டியே சொல்கிறது. ஓவியர்களுக்கு இது பிடிக்காது. ஆனாலும் அந்த அளவில் ஓவியம் வெறும் நிறமும் சாயலும்தான், வாசிக்கப்படுவது பெயர்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 462 பிக்சல் அகலம் 120 ஆகச் சுருங்கும்போது எல்லாம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகும். நீங்கள் வரையும் எழுத்தின் கோடு 8 பிக்சல் தடிமன் என்றால் பட்டியலில் அது 2 பிக்சல். 4 பிக்சல் என்றால் 1 பிக்சல், அதுவும் பின்னணியோடு கலந்து பாதி மங்கிய 1 பிக்சல். ஆகவே ஸ்மால் கேப்ஸ்யூலில் எழுத்தின் மெலிந்த கோடுகூட 8 பிக்சலுக்குக் குறையக் கூடாது. எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடங்களுக்கும் இதே விதி. கோடு தடித்திருந்து துவாரம் அடைத்துக்கொண்டால் எழுத்து ஒரு கரும்புள்ளி.

தமிழ் எழுத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை. ‘கலங்கரை’ என்ற சொல் ஆறு உருவங்களாக நிற்கிறது. 120 பிக்சலில் இருபுறமும் 6 பிக்சல் ஓரம் விட்டால் ஓர் உருவத்துக்கு 18 பிக்சல். ‘க’வுக்கு அது போதும். ‘ங’வுக்குள் இருக்கும் இடைவெளிகள் மூன்று பிக்சலுக்கு இறங்கிவிடும், மேலே புள்ளி வேறு. பல எழுத்துருக்களில் புள்ளி சிறு வளையமாக இருக்கும். சுருங்கினால் அது மறைந்து ‘ங்’ என்பது ‘ங’ ஆகிவிடும். வளையத்தை நிரப்பி, கோட்டின் தடிமனைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக்குங்கள். அதை ஒரு அலங்காரமாகவே ஆக்கலாம்: ‘கலங்கரை’யில் அந்தப் புள்ளியே விளக்காக எரியலாம். உயரத்திலும் தமிழ் இடம் தின்னும். மேலே ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் வளைவும் புள்ளியும், கீழே ‘பு’, ‘ழு’ போன்றவற்றின் வாலும் சேர்ந்தால் எழுத்தின் நடு உடலுக்கு மொத்த உயரத்தில் பாதிதான் மிஞ்சும். பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டு பக்கமும் நீளாத சொல்லாகப் பார்த்தால் பின்னால் நிம்மதி. தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே சின்னப் படத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைப்பது மட்டும் வேண்டாம். இரண்டும் வாசிக்க வராது. உலக வாசகர்களுக்கு ஆங்கில எழுத்தில் ஒன்று, லைப்ரரிப் படங்களில் தமிழை அழகுக்காகச் சேர்ப்பது என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நீண்ட பெயர்களை இரண்டு வரியாக உடையுங்கள். முக்கியச் சொல் பெரிதாக, ஒட்டுச் சொற்கள் அதன் இடுக்கில் சிறிதாக. துணைத்தலைப்பு இருந்தால் ஸ்மால் கேப்ஸ்யூலில் அதை விட்டுவிடலாமா என்று பாருங்கள். லோகோவை வெக்டராகவே (எந்த அளவுக்கு மாற்றினாலும் மங்காத கோட்டு வடிவமாக) செய்து மூன்று வடிவம் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே வரி, இரண்டு வரி அடுக்கு, வெர்டிக்கலுக்கு ஏற்ற சதுர அடுக்கு. இதைச் செய்யாதவர்கள் வெர்டிக்கல் கேப்ஸ்யூல் வரும்போது நீண்ட ஒற்றை வரியை நடுவில் நூல்போல் நீட்டி வைப்பார்கள்.

எழுத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க, சுற்றிலும் தடித்த வெள்ளைக் கோடு போடுவது எளிது, ஆனால் மலிவாகத் தெரியும். எழுத்துக்குப் பின்னால் மட்டும் பின்னணியை மென்மையாக இருட்டாக்குவது நல்லது: லோகோவின் நகலை 30, 40 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, கருமையான பின்னணி நிறத்தில் ‘மல்டிப்ளை’ முறையில் (கீழே உள்ளதை இருட்டாக்கிக் கலக்கும் முறை) கீழே வைத்தால் யாருக்கும் தெரியாமல் வேலை செய்யும். எழுத்துருவின் உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸில் வருபவற்றை வணிக லோகோவில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று இலவசமாகக் கிடைப்பதைக் கடையில் ஏற்ற முடியாது.

கோப்பைக் கட்டும் விதம்

பின்னணி, நடுத்தளம், பாத்திரம், ஒளி விளைவு, லோகோ ஐந்தும் தனித்தனி லேயராக, அதாவது தனியே நகர்த்தக்கூடிய அடுக்காக இருக்க வேண்டும். பாத்திரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் பின்னணியையும் வரைந்திருக்க வேண்டும், லோகோ மறைக்கும் பாத்திரத்தின் கையையும் வரைந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சட்டத்திலும் நகர்த்த முடியும். ஹீரோ படம் 3840 பிக்சல் அகலம் கேட்பதால் பின்னணியை அந்த அளவுக்காவது வரைந்து வையுங்கள்.

ஹீரோவில் எழுத்தோ லோகோவோ இருக்கக் கூடாது. அதைத் தனி பிஎன்ஜியாக ஏற்றி, இடத்தை ஸ்டீம்வொர்க்ஸ் (விளையாட்டு செய்கிறவர்களுக்கான ஸ்டீமின் தளம்) பக்கத்திலேயே குறிக்க வேண்டும். ஜன்னல் அகலத்தைப் பொறுத்து ஹீரோவின் ஓரங்கள் வெட்டுப்படும். நடுவில் உள்ள 860×380 பகுதி மட்டுமே எப்போதும் தெரியும் என்று கணக்கு வைத்து, முக்கியமானதை அதற்குள் வையுங்கள்.

ஓவியரிடம் வேலையைக் கொடுக்கிறீர்கள் என்றால் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டியவை: லேயர் கலைக்காத மூலக் கோப்பு வேண்டும், எல்லாக் கடைகளிலும் விளம்பரத்திலும் பயன்படுத்தும் வணிக உரிமை வேண்டும், ஓவிய மாதிரிக் கட்டத்தில் இரண்டு திருத்தம், நிறக் கட்டத்தில் ஒன்று. மாதிரிகளை 231×87-இல் அனுப்பச் சொல்லுங்கள். பெரிய அளவில் வந்தால் எல்லாமே அழகாகத் தெரிந்து, தவறானதைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள். ‘நன்றாகச் செய்யுங்கள், உங்கள் இஷ்டம்’ என்று விடுவது மரியாதைபோல் தோன்றும். உண்மையில் அது ஓவியரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது. அந்த 20 பட ஒப்பீட்டுத் தாள், மூன்று கேள்விகளுக்கான பதில், பத்து ஸ்கிரீன்ஷாட், பிடிக்காத இரண்டு மூன்று உதாரணங்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

ஏஐ கருவியில் உருவாக்கலாமே என்பவர்களுக்கு: விளையாட்டில் ஏஐ உருவாக்கிய உள்ளடக்கம் இருந்தால் 2024 ஜனவரி முதல் ஸ்டீமின் கேள்வித்தாளில் அதைத் தெரிவிக்க வேண்டும், அந்த விவரம் கடைப் பக்கத்தில் வாங்குபவர்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி ஒரு கைவேலைச் சிக்கலும் இருக்கிறது: அது பெரும்பாலும் லேயர் தருவதில்லை. நான்கு சட்டத்துக்கும் திரும்பக் கட்டும்போதுதான் அதன் வலி தெரியும்.

எழுதக் கூடாதவை

2022 செப்டம்பர் 1 முதல் கேப்ஸ்யூலில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு தவிர வேறெதுவும் கூடாது. விமர்சன மதிப்பெண், விருதுச் சின்னம், ‘இப்போது விற்பனையில்’, ‘50% தள்ளுபடி’, உங்களுடைய இன்னொரு விளையாட்டின் விளம்பரம் எதுவும் கிடையாது. பெரிய அப்டேட் வரும்போது மட்டும் அதைச் சொல்லும் எழுத்தோடு தற்காலிகக் கேப்ஸ்யூல் ஒன்றை ஒரு மாதம் வரை வைக்கலாம். அந்த எழுத்தை நீங்கள் ஆதரிக்கும் மொழிகளில் பெயர்த்துத் தர வேண்டும். எல்லா வயதினரும் பார்க்கும் இடம் என்பதால் இரத்தக் களரிக்கும் ஆடையில்லா உருவங்களுக்கும் இடமில்லை, விளையாட்டு பெரியவர்களுக்கானதாக இருந்தாலும்.

ஏற்றும் முன் சோதனை

ஏற்றப்போகும் கோப்பிலிருந்து 120×45, 184×69, 231×87 மூன்றையும் எடுத்து, கருநீலப் பின்னணியில் மற்ற விளையாட்டுகளோடு வரிசையாக வைத்துப் பாருங்கள். உலாவியின் டெவலப்பர் கருவி தெரிந்தவர்கள் உண்மையான தேடல் பக்கத்திலேயே ஒரு படத்தின் முகவரியை மாற்றித் தங்களுடையதைப் போட்டுப் பார்க்கலாம். அதைவிட நேர்மையான சோதனை இல்லை. பிறகு நிறத்தை முழுவதும் நீக்கிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பெயர் வாசிக்க முடியவில்லை என்றால், எழுத்தும் பின்னணியும் ஒரே சாயலில் இருந்து நிறத்தால் மட்டுமே பிரிந்து நிற்கின்றன என்று அர்த்தம். அவை சிவப்பும் பச்சையுமாக இருந்தால் நிறக்குருடு உள்ள பலருக்கு அங்கே எழுத்து தெரியாது.

இடது மேல் மூலையை முக்கியமானதற்குக் கொடுக்காதீர்கள். விஷ்லிஸ்ட்டில் (பிறகு வாங்க ஆசைப்படுபவற்றின் பட்டியலில்) சேர்த்தவருக்கும் வாங்கியவருக்கும் அந்த மூலையில் ஸ்டீம் ஒரு சின்னப் பட்டையை ஒட்டும். லோகோவின் முதல் எழுத்து அங்கே இருந்தால் அது போச்சு.

கறுப்பின்மேல் மெல்லிய இரத்தச் சிவப்பு எழுத்து. திகில் விளையாட்டுக்காரர்களின் நிரந்தரக் காதல். படம் பெரும்பாலும் ஜேபெக் வடிவில் சுருக்கப்பட்டுத்தான் பார்ப்பவருக்குப் போகிறது. அந்தச் சுருக்கம் வெளிச்ச வித்தியாசத்தைக் காப்பாற்றும் அளவுக்கு நிற வித்தியாசத்தைக் காப்பாற்றாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு என்பதால் எழுத்தின் ஓரம் கட்டம் கட்டமாகக் கசியும். சிவப்பைப் பின்னணியாக்கி எழுத்தை வெளிர் நிறமாக்கினால் அதே மிரட்டல் கிடைக்கும், எழுத்தும் நிற்கும். கோப்பை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் சேமியுங்கள். அச்சுக்கான சிஎம்ஒய்கே கோப்பிலிருந்து அவசரமாக மாற்றினால் நிறங்கள் செத்துப்போகும்.

கடைசியாக ஒரு மனிதச் சோதனை. உங்கள் விளையாட்டைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கைப்பேசியில் அந்த ஒப்பீட்டுத் தாளை இரண்டு நொடி காட்டி மூடிவிடுங்கள். ‘எது ஞாபகம் இருக்கிறது? அதில் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘அழகாக இருக்கிறதா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

ஏற்றிய பிறகு

ஸ்டீம்வொர்க்ஸின் போக்குவரத்துப் பக்கத்தில் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்து வந்தார்கள் என்பது இடவாரியாக இருக்கும். மொத்த எண்ணைப் பார்த்து மகிழவோ சோரவோ கூடாது. டிஸ்கவரி க்யூ வழியாக வருபவர்களுக்கு ஸ்டீமே ஒன்றன்பின் ஒன்றாக விளையாட்டுகளை எடுத்துக் காட்டுகிறது. அவர்கள் கேப்ஸ்யூலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் இல்லை. தேடல் முடிவு, டேக் பக்கம், ‘இதுபோன்ற விளையாட்டுகள்’ வரிசை ஆகியவற்றில் கிடைக்கும் கிளிக் விகிதம்தான் படத்தின் உண்மையான மதிப்பெண்.

ஒரே நேரத்தில் இரண்டு படத்தைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டிச் சோதிக்கும் வசதி ஸ்டீம் தருவதில்லை. முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்றுதான் ஒப்பிட முடியும். இரண்டு காலமும் ஒரே நீளமாக, விற்பனை விழாவோ நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டோ (ஸ்டீமின் டெமோ விழா) இல்லாத சாதாரண வாரங்களாக இருக்கட்டும். ஒரே வாரத்தில் படத்தையும் விலையையும் ட்ரெய்லரையும் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தேடுவது வீண். ஆண்ட்ராய்டுக்கும் வெளியிடுகிறவர்களுக்கு இங்கே ஒரு வாய்ப்பு: கூகுள் பிளேயில் ஐகானையும் 1024×500 ஃபீச்சர் கிராஃபிக்கையும் இரண்டு வடிவில் காட்டிச் சோதிக்கும் வசதி உள்ளது. அங்கே வென்ற நிறத்தையும் உருவத்தையும் ஸ்டீமுக்குக் கொண்டுவரலாம். பார்ப்பவர்கள் வேறு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சிறு விளையாட்டுகள் அதிகம் வெளியாகும் இட்ச் (itch.io) தளத்துக்கு 630×500 அட்டைப்படம் வேண்டும், அதில் அசையும் ஜிஃப் வைக்கலாம். அசைவு கண்ணை இழுக்கும், ஆனால் முதல் ஃபிரேமே தனியாக நின்று பேசும்படி இருக்கட்டும்.

கிளிக் நன்றாக வந்தும் விஷ்லிஸ்ட் ஏறவில்லை என்றால் கேப்ஸ்யூலைத் தொடாதீர்கள். அது தன் வேலையைச் செய்துவிட்டது. ட்ரெய்லரின் முதல் சில நொடியும் முதல் நான்கு ஸ்கிரீன்ஷாட்டும்தான் அடுத்த சந்தேகம். அல்லது கேப்ஸ்யூல் சொன்ன விளையாட்டு வேறு, பக்கம் காட்டும் விளையாட்டு வேறு.

கால அட்டவணையில் ஒன்று. கடைப் பக்கம் முதன்முறை சரிபார்க்கப்பட மூன்று முதல் ஐந்து வேலை நாள் ஆகலாம்; வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாவது ‘விரைவில்’ பக்கம் திறந்திருக்க வேண்டும். அது ஸ்டீமின் குறைந்தபட்சம் மட்டுமே. விஷ்லிஸ்ட் சேர மாதங்கள் பிடிக்கும், அந்த மாதங்கள் முழுக்க வெளியே நிற்பது கேப்ஸ்யூல்தான். ஆகவே அறிவிக்கும் நாளுக்கே ஒழுங்கான படம் வேண்டும். வெளியீட்டு நாளுக்கு என்று சேமித்து வைப்பதில் பயனில்லை. லேயர்கள் கலையாத அந்த மூலக் கோப்பை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஒரு வருடம் கழித்து வேறொரு குழுவோடு சேர்ந்து பண்டில் (பல விளையாட்டுகளை ஒன்றாக விற்கும் தொகுப்பு) போடும்போது 707×232 என்று இன்னொரு அளவில் படம் கேட்பார்கள்.